அம்மா இல்லாத வருஷத்தில் மகிழ்ச்சி ஞாயிறு

உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். 'திருவருகைக்காலத்தில் பங்குக் கோவிலில் மகிழ்ச்சியும் அமைதியும் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?' என்றுதான் தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். கீழே எழுதியிருப்பதைப் படித்தால் கேள்வி வேறு. ஜூன் மாதம் அம்மா தவறிவிட்டார். ஆகஸ்டில் ஜொகூரிலிருந்து வேலை மாற்றலாகி, சுற்றிலும் செம்பனை தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஒரு தோட்டப்புற ஊருக்குத் தனியாக வந்திருக்கிறீர்கள். கோவில் முகப்பில் 'மகிழ்ச்சி, அமைதி' என்று பெரிய பதாகை. உள்ளே கேரல் கூட்டம், சாப்பாட்டுக் கமிட்டி, அலங்கார விளக்குக்கு வசூல். பூசை முடிந்து எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கும்போது நீங்கள் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறீர்கள். 'எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா?' என்று ஒரு வரி. கடைசியில், போகிற போக்கில் கேட்டதுபோல, 'அம்மா இல்லாத வீட்டில் இந்த வருஷம் குடில் வைக்கலாமா?' என்று இன்னொரு வரி. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், மகிழ்ச்சி வராத உங்களுக்கு இந்தக் காலத்தில் இடம் உண்டா என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் குருவானவர் அல்ல. பேராக்கின் வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன், தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். 31 வருஷமாக எங்கள் பங்கில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறேன். ஞானஸ்நானம் பெற ஆயத்தமாகும் பெரியவர்களுக்கும் வகுப்பு எடுத்திருக்கிறேன். திருவழிபாடு பற்றி முறையாகப் படித்த அளவுக்கு உறுதியாகச் சொல்வேன். துக்கத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் நான் பட்டதும் பக்கத்திலிருந்து பார்த்ததும்தான். மனநோய் பற்றி எனக்கு அறிவு கிடையாது; அதைப் பற்றிக் கீழே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன், அதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். திருவருகைக்காலம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தின் முன்னோட்டம் அல்ல. நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறில் தொடங்கி, டிசம்பர் 24 சாயங்காலத்தோடு முடியும் நான்கு ஞாயிறுகள் கொண்ட காலம் அது. 1969இல் வந்த வழிபாட்டு ஆண்டுக்கான பொது விதிகள் இதை 'பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம்' என்கின்றன. எதிர்பார்ப்பு என்றால் வர வேண்டியவர் இன்னும் வரவில்லை என்று பொருள். அதனால்தான் குருவானவர் ஊதா உடை அணிகிறார். பீடத்தில் பூ வைக்கலாம், ஆனால் அளவோடு வைக்கச் சொல்கிறது திருச்சபை. இசைக் கருவிகளுக்கும் அதே அளவுதான். இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள்: இந்த ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' பாட மாட்டோம். பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர் பாடியது அந்தப் பாட்டு. கடவுளுக்கு மாட்சியும் பூமியில் மனிதருக்கு அமைதியும் என்ற செய்தி அதில்தான் இருக்கிறது. அமைதியை அறிவிக்கும் பாட்டையே நான்கு ஞாயிறுகளுக்குத் திருச்சபை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறது, கிறிஸ்துமஸ் இரவில் புதிதாகப் பாடுவதற்காக. ஆகவே டிசம்பர் நடுவில் உங்களுக்கு இன்னும் அமைதி கிடைக்கவில்லை என்றால், நீங்கள் கோவிலை விட்டு விலகி நிற்கவில்லை. கோவில் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் நீங்களும் நிற்கிறீர்கள்.

அடுத்தது மூன்றாம் ஞாயிறு. ஊதாவுக்குப் பதிலாக ரோஜா நிற உடை போட அனுமதியுள்ள நாள், மகிழ்ச்சி ஞாயிறு என்பார்கள். லத்தீனில் அதன் பெயர் 'கௌதேத்தே'. 'மகிழுங்கள்' என்று அர்த்தம். பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரம் 4ஆம் வசனம் அன்றைய வருகைப் பாடல்: 'ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்; மீண்டும் கூறுகிறேன், மகிழுங்கள்.' உங்கள் கோவில் பதாகையில் இருக்கும் மகிழ்ச்சியும் இந்த வரியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். இந்த வரியைப் பவுல் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று மறைக்கல்விப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். கோவிலில் என்பார்கள், வீட்டில் என்பார்கள். சிறையில் எழுதினார். உரோமையா எபேசுவா செசரியாவா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் சிறை என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது; முதல் அதிகாரத்தில் அவரே சொல்கிறார்.

இது பவுலோடு நிற்கவில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷச் சுழற்சியில் வருகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருஷத்து மகிழ்ச்சி ஞாயிறு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஆண்டு நற்செய்தி மத்தேயு 11: ஏரோது அடைத்துவைத்த சிறையிலிருந்து திருமுழுக்கு யோவான் ஆளனுப்பிக் கேட்கிறார். இரண்டாம் ஆண்டு முதல் வாசகம் எசாயா 61: சிறைப்பட்டோருக்கு விடுதலை. மூன்றாம் ஆண்டு இரண்டாம் வாசகம் நான் மேலே சொன்ன பவுலின் திருமுகம். மகிழ்ச்சி என்று பெயர் சூட்டிய அந்த ஞாயிறில், எந்த வருஷத்தை எடுத்தாலும் எங்காவது ஒரு சிறை இருக்கிறது. இதைத் திட்டமிட்டுத்தான் கோர்த்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கோர்த்தபின் இப்படித்தான் இருக்கிறது.

அந்த மத்தேயு நற்செய்தியை இந்த வாரம் நிதானமாக வாசியுங்கள். யோவான் யார்? யோர்தான் கரையில் நின்று 'வருகிறார்' என்று கத்தியவர். அவரே இப்போது இருட்டறையில் இருந்துகொண்டு, 'வரவிருப்பவர் நீர்தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?' என்று கேட்டு அனுப்புகிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் போயிற்று என்றும் சொல்லவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், நடக்க முடியாதோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். வந்தவர்கள் போன பிறகு, கூட்டத்திடம் யோவானைப் புகழ்ந்து பேசுகிறார். சிறைக் கதவு மட்டும் திறக்கவில்லை. யோவான் வெளியே வரவே இல்லை என்பது நமக்குத் தெரியும். கிடைத்தது செய்தி மட்டும்தான்: நீ இருக்கும் அறைக்கு வெளியே வேலை நடந்துகொண்டிருக்கிறது. மகிழ்ச்சி என்று திருச்சபை சொல்வதை நான் இந்த அளவில்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். அது முகத்தில் தெரிய வேண்டிய ஒன்று அல்ல. காருக்குள் அழுதுகொண்டே கேட்கக்கூடிய செய்தி.

என் அப்பா ரப்பர் மரத்தில் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை செய்தவர்; பால் மரம் வெட்டுவது என்போம். வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும். பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். விடியும்முன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் அதிகாலையிலேயே எழுந்துவிடுவார். மழை பெய்திருந்தால், லயம் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வரிசை வீட்டின் வாசற்படியில், தலைவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. கிறிஸ்துமஸ் துணி அந்தச் சம்பளத்தில்தான் வர வேண்டும். நான் போய் 'என்னப்பா பண்ற?' என்று கேட்டால், 'மரம் காயட்டும்மா' என்பார். ஆனால் கை சும்மா இருக்காது. ஒரு சின்னச் சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டே இருப்பார்; அந்த இருட்டில் கல்லில் இரும்பு தேய்கிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தீட்டிவிட்டு, கட்டை விரலை ஓரத்தில் குறுக்கே மெதுவாக வைத்துப் பார்ப்பார். மறுபடி தீட்டுவார். எட்டு மணிக்குப் பட்டை காய்ந்தால் போவார், காயாவிட்டால் கத்தியைச் சாக்கில் சுற்றிவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். முதல் ஆண்டு மகிழ்ச்சி ஞாயிறில் யாக்கோபு திருமுகம் 5ஆம் அதிகாரம் வாசிக்கிறோம்: முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கும் பயிரிடுபவர். அந்த உழவர் மழைக்காகக் காத்திருந்தார், என் அப்பா மழை விடுவதற்காகக் காத்திருந்தார். இரண்டு பேராலும் மேகத்தை நகர்த்த முடியாது. காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த இறையியல் வகுப்பும் அல்ல, அந்த வாசற்படிதான்.

நம் மலேசியாவோடு சேர்ந்த ஒரு புனிதரையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள். அநேகமாக எப்போதும் திருவருகைக்காலத்துக்குள்தான் வரும். தமிழ்நாட்டின் தென்கரையில், முத்துக்குளித்துறையில் மீனவ மக்களோடு இருந்து, செபங்களைத் தமிழில் ஆக்கச் செய்து மனப்பாடம் பண்ணிச் சொல்லிக்கொடுத்தவர். 1545இல் மலாக்காவுக்கு வந்தார். நமக்கு அவரைச் சவேரியார் திருநாள் கொடியேற்றத்தோடு தெரியும். அவர் எப்படி இறந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1552இல் சீனாவுக்குள் போக ஆசைப்பட்டு, கரைக்கு எதிரே உள்ள ஒரு தீவில், தன்னை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்ன வணிகரின் படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. காய்ச்சலில் அங்கேயே இறந்தார். மறுவருஷம் உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்து, பிறகு கோவாவுக்கு எடுத்துப் போனார்கள். செயின்ட் பால் குன்றின் மேல் அந்த வெறும் குழியை இன்றைக்கும் பார்க்கலாம், மேலே கம்பி வலை போட்டிருக்கும். அவருடைய காத்திருப்பு அவர் நினைத்தபடி முடியவில்லை. அதற்காக அவரை விசுவாசம் குறைந்தவர் என்று யாரும் சொன்னதில்லை.

இனி, கேள்விப்படும்போதெல்லாம் அப்படியே நம்பிவிட வேண்டாத விஷயங்கள். திருவருகைக்கால வளையத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரிகளில் முதலாவது நம்பிக்கை, இரண்டாவது அமைதி, மூன்றாவது மகிழ்ச்சி, நான்காவது அன்பு என்று உங்கள் பங்கில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இரண்டாம் ஞாயிறு அமைதி வந்திருக்க வேண்டுமே, வரவில்லையே என்று மனம் நொந்திருக்கிறீர்கள். இது நல்ல பழக்கம்தான், ஆனால் பழக்கம் மட்டுமே. திருவழிபாட்டு விதியில் இந்தப் பெயர்கள் கிடையாது. வரிசையும் இடத்துக்கு இடம் மாறும். வளையமே நம் திருச்சபையில் பழமையானது அல்ல. 1839இல் ஹம்பர்க்கில், ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய லூத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகள் வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். கத்தோலிக்கக் கோவில்களுக்கு அது 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. எங்கள் பங்கில் முதன்முதலில் வளையம் செய்த வருஷம் நானும் இருந்தேன். பால் மரம் வெட்டும் ஒருவருடைய பழைய சைக்கிள் விளிம்பைக் கம்பிகளைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள், சுற்றிலும் சவுக்கு இலை கட்டினோம். ஊதா மெழுகுதிரி ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. சீனர் பூசைச் சாமான் கடையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது. கடைசியில் வெள்ளை மெழுகுதிரி நான்கு வாங்கி, மூன்றுக்கு ஊதாவும் ஒன்றுக்கு ரோஜா நிறமும் கிரேப் தாள் சுற்றினோம். மூன்றாவது ஞாயிறு அந்தத் தாளில் தீப்பற்றிக்கொண்டது, உபதேசியார் கையாலேயே தட்டி அணைத்தார். அந்த வருஷமும் கிறிஸ்துமஸ் வந்தது. மெழுகுதிரியின் பெயரோடு உங்கள் மனசை ஒப்பிட்டு மதிப்பெண் போடாதீர்கள்.

இந்தக் காலத்தில் கண்டிப்பாக நோன்பு இருக்க வேண்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். பழங்காலத்தில் சில நாடுகளில் நோன்பு இருந்தது உண்மை. இன்றைய திருச்சபைச் சட்டம் 1250ஆம் விதியில் தவ நாட்களாகக் குறிப்பது வெள்ளிக்கிழமைகளையும் தவக்காலத்தையும் மட்டுமே. இருக்க விரும்பினால் இருங்கள், கட்டாயம் இல்லை.

பங்கின் சந்தடியைப் பற்றி. உங்கள் வருத்தம் நியாயமானது. கமிட்டி, வசூல், கேரல் அட்டவணை என்று டிசம்பர் முழுக்க ஓடி, 25ஆம் தேதி காலையில் களைத்துப்போய்ப் பூசையில் தூங்கி வழிகிற பங்குகளை எனக்குத் தெரியும். எங்கள் பங்கும் அதில் ஒன்று. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. நம் தோட்டப்புறக் கோவில்களில் பாதிப்பேருக்கு வேறு கூடுமிடம் கிடையாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியாகி, ஆட்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்ட பிறகு, பழைய தோட்டத்துச் சனங்கள் முகம் பார்த்துக்கொள்வது கேரல் ஒத்திகையிலும் சமையல் கூடத்திலும்தான். 1976இல் தீபகற்ப மலேசிய ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் கூடி யோசித்துத்தான் சின்னச் சின்னக் கிறிஸ்தவ சமூகங்களை, நாம் அன்பியம் என்று சொல்வதை, நம் திருச்சபையின் வழியாகத் தேர்ந்துகொண்டார்கள். ஆகவே சத்தத்தைப் பார்த்து ஒதுங்காதீர்கள், அதற்குள் முழுக்க இறங்கவும் வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கு 'இந்த வருஷம் முடியாது, துக்க வீடு' என்று சொல்லுங்கள். நம் சனங்களுக்கு அந்த வார்த்தை புரியும்.

அமைதி என்று நான் நம்புவது எப்படி வந்தது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன், கிறிஸ்துமஸ் விருந்துக்கு அரிசி வாங்கிய கணக்கில் எனக்கும் இன்னொரு அக்காவுக்கும் பெரிய மனஸ்தாபம். தப்பு பாதி என்னுடையது. அப்போது அப்படி நினைக்கவில்லை. பூசையில் சமாதானம் சொல்லும்போது அவர் பக்கம் திரும்பாமலேயே கைகூப்புவேன். அந்தத் திருவருகைக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வேறு பங்கிலிருந்து வந்திருந்த குருவானவர், என் முகமே தெரியாதவர். நான் நிறையச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: 'அவர் வீடு எவ்வளவு தூரம்?' சைக்கிளில் பத்து நிமிஷம் என்றேன். போனேன். அக்கா வீட்டில் இல்லை. அவருடைய மாமியார், 'அவ பசாருக்குப் போயிருக்கா, வந்து உட்காரு, இந்த வெங்காயத்தை உரி' என்றார். முக்கால் மணி நேரம் வெங்காயம் உரித்தேன். அக்கா வரவில்லை, திரும்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் நான்கு வரிசைக்கு முன்னாலிருந்து திரும்பி, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அரிசிக் கணக்கைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை பேசியதில்லை. ஆனால் அன்று ராத்திரி நான் தூங்கினேன். பவுல் அதே 4ஆம் அதிகாரத்தில், அறிவெல்லாம் கடந்த இறை அமைதி உள்ளத்தையும் மனத்தையும் பாதுகாக்கும் என்று எழுதுவதற்கு முன்னால், உங்கள் விண்ணப்பங்களைக் கடவுளிடம் தெரிவியுங்கள் என்கிறார். முதலில் கேட்பது, அமைதி பிறகு.

என்ன செய்ய வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு மூன்றாம் ஆண்டு மகிழ்ச்சி ஞாயிறு நற்செய்தியே பதில் சொல்கிறது. லூக்கா 3ஆம் அதிகாரம்: 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று சனங்கள் யோவானைக் கேட்கிறார்கள். இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடு, உணவுக்கும் அதே, வரி தண்டுவோர் குறித்த அளவுக்கு மேல் வாங்காதே, படைவீரர் கூலி போதும் என்று இரு. அங்கி, சாப்பாடு, கூலி. மகிழ்ச்சி ஞாயிறுக்கு இவ்வளவு சாதாரணப் பதிலா என்று தோன்றும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தோன்றாது. உங்கள் கோவிலில் பின்பக்கம், கதவோரமாக நின்றுகொண்டு பூசை பார்ப்பவர்கள் சிலர் இருப்பார்கள். செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் ஃப்ளோரஸ் தீவுக்காரர்கள் பலர் கத்தோலிக்கர். தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன்களும் இருக்கலாம். இந்த மாதம் தன் அம்மாவைப் பார்க்க முடியாதவர் நீங்கள் மட்டும் அல்ல. அடுத்த ஞாயிறு காருக்குப் போகும்முன் அவர்களில் ஒருவரிடம் 'சுடா மாக்கான்?' (சாப்பிட்டாச்சா?) என்று மலாயில் கேளுங்கள். அதற்கு மேல் பேச வராவிட்டாலும் பரவாயில்லை. இதனால் உங்கள் துக்கம் ஆறும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். என் அம்மா இறந்த வருஷம் எனக்கு ஆறவில்லை. ஆனால் அந்த டிசம்பரில் வீடு வீடாக நற்கருணை கொண்டுபோன உபதேசியாரோடு கூடப்போனேன். படுக்கையில் கிடந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, 'நீ அஞ்சலை மக தானே, அதே கை' என்றார். அம்மா இறந்த பிறகு அவர் பெயரை வேறொருவர் வாயால் கேட்டது அன்றுதான். வெளியே வந்து அழுதேன், காருக்குள் அழும் அழுகை இல்லை அது.

டிசம்பர் 17 முதல் காலம் மாறுகிறது. அதுவரை வாசகங்கள் உலக முடிவில் ஆண்டவர் திரும்ப வருவதைப் பற்றி அதிகம் பேசும். 17 முதல் பெத்லகேம் பக்கம் திரும்பும். அன்றிலிருந்து 23 வரை மாலை செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்பின்னாக, ஒரு நாளைக்கு ஒரு பெயர் சொல்லி ஆண்டவரைக் கூப்பிடுவது மிகப் பழைய வழக்கம்: ஞானமே, இஸ்ரயேலின் தலைவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஏழிலும் வருவது ஒரே வேண்டுதல், 'வாரும்.' தனியாக இருக்கும் உங்களுக்கு நான் சொல்லும் செபம் இதுதான். வேலை முடிந்து வந்து விளக்கைப் போடும்முன், அன்றைய பெயரைச் சொல்லி 'வாரும்' என்று மட்டும் சொல்லுங்கள். நீளமான செபத்துக்கு மனசு ஒத்துழைக்காத நாட்களில் இது போதும். 20ஆம் தேதியின் பெயரைக் கவனியுங்கள்: திறவுகோல். இருளில் சிறைப்பட்டிருப்போரை வெளியே கொண்டுவர வாரும் என்கிறது அந்தச் செபம். திரும்பவும் சிறை. இதே நாட்களில்தான் மார்கழியும் பிறக்கும். உங்கள் ஊர் மாரியம்மன் கோவிலில் விடியற்காலை ஒலிபெருக்கியில் எழுப்பும் பாட்டு கேட்கும். என் அம்மா அந்தச் சத்தத்தில்தான் எழுந்து செபமாலை எடுப்பார். 'அவங்க எழுந்துட்டாங்க, நாமளும் எழுவோம்' என்பார். முதல் ஞாயிறு நற்செய்தியும் விழித்திருக்கத்தானே சொல்கிறது.

இப்போது நான் தாண்டிப் போக வேண்டாம் என்று சொன்ன இடம். டிசம்பர் 14 புனித சிலுவை யோவான் திருநாள். 1577 டிசம்பரில் தன் சொந்த சபையினராலேயே பிடிக்கப்பட்டு ஸ்பெயினின் தொலேதோவில் ஒரு சிற்றறையில் அடைக்கப்பட்டு, மறுவருஷம் ஆகஸ்டில் தப்பியவர். ஆன்மாவின் இருண்ட இரவு என்று அவர் சொன்னதை எடுத்து, மனச்சோர்வில் இருப்பவர்களுக்கெல்லாம் 'கடவுள் சோதிக்கிறார்' என்று சொல்லிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் சொன்னேன்; இப்போது சொல்வதில்லை. நீங்கள் எழுதியது ஆறு மாதத் துக்கம் மாதிரி எனக்குப் படுகிறது. ஆனால் எழுத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், காலையில் எழுந்து வேலைக்குப் போவதே மலையாக இருந்தால், உயிரோடு இருந்து என்ன என்று ஒரு தடவையாவது தோன்றியிருந்தால், பூசைக்குப் போவதற்கு முன்னால் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். பங்குத்தந்தையிடமும் சொல்லுங்கள், ஆனால் அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாகக் குடில். நம் தமிழ்ச் சனங்களிடம், கிறிஸ்தவர்களிடமும், சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கொண்டாடாத வழக்கம் உண்டு. பலகாரம் சுட மாட்டார்கள், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தருவார்கள். அது துக்கத்துக்குக் காட்டும் மரியாதை, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வழக்கம், திருச்சபையின் தடை அல்ல. உங்கள் பெரியவர்கள் வேண்டாம் என்றால் அவர்கள் மனசை நோகடிக்காமல் பேசுங்கள். வைக்கலாம் என்றால், அலங்கார விளக்கு இல்லாமல், வைக்கோலும் நான்கைந்து சுரூபங்களுமாகச் சின்னதாக வையுங்கள். மாதாவும் சூசையப்பரும் இருக்கட்டும், நடுவில் இடம் காலியாக இருக்கட்டும். அம்மாவின் குடில் பெட்டியை ஜொகூரிலிருந்து கொண்டுவந்ததாக எழுதியிருந்தீர்கள். அதிலுள்ள பாலன் சுரூபத்தை 24ஆம் தேதி ராத்திரி வரை அம்மாவின் சேலை மடிப்புக்குள்ளேயே வைத்திருங்கள். ராத்திரிப் பூசை முடிந்து, 'உன்னதங்களிலே' பாடிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு எடுத்து வையுங்கள்.